சாலை அகலும்போது நீர் போகும் வழி

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் 26ஆம் தேதி தூத்துக்குடித் துறைமுகச் சாலை, ஆறு தடங்கள் கொண்ட பெருஞ்சாலையாகத் திறந்து வைக்கப்பட்டது. நீளம் 5.16 கிலோமீட்டர், செலவு சுமார் 200 கோடி ரூபாய். வ. உ. சிதம்பரனார் துறைமுகத்தில் ஆண்டொன்றுக்கு 4 கோடி டன்னுக்கு மேற்பட்ட சரக்கு ஏறி இறங்குகிறது. லாரிகள் வரிசையில் நின்று பொழுது போக்குவது குறைந்தால் வண்டிக் கூலி குறையும். கூலி குறைந்தால் நூல் சிப்பத்தின் விலையிலும் வாழைத்தாரின் விலையிலும் நம் அங்கத்தினர்களுக்கு அதன் பலன் ஓரளவேனும் எட்டும். ஆகவே சாலை அகலமாவது குறித்து நமக்கு மகிழ்ச்சியே.

ஆயினும் சாலை அகலப்படும்போதெல்லாம் முதலிலே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மழை பெய்தால் இதுகாறும் இந்த இடத்தைக் கடந்து சென்ற தண்ணீர் இனி எவ்வழியே செல்லும்? திறப்பு விழா நாட்களில் பெரும்பாலும் மழை பெய்வதில்லையாதலால் இக்கேள்வி அங்கே எழுவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அது தானாகவே எழுகிறது. அப்பொழுது விடை சொல்ல வேண்டியவர்கள் வாழைத் தோட்டக்காரரும், தறிக்குழியில் தண்ணீர் நிற்கப் பார்க்கும் நெசவாளரும், உப்பளத் தொழிலாளருமாய் இருக்கிறார்கள். இன்னும் பல சாலைகள் நம் ஜில்லாவில் அகலப்படப் போகின்றன என்பதில் ஐயமில்லை. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

நிலத்தின் சாய்வு

நம் ஜில்லாவின் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சாய்ந்தது. கோவில்பட்டி, கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் நிலங்களில் பெய்யும் மழை, ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகளின் வழியே கிழக்கு நோக்கி ஓடி வருகிறது. தெற்கே தாமிரபரணி. அந்த நதியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. 1873இல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்து பிரியும் வடகாலின் கடைக்கோடியில் உள்ளது கோரம்பள்ளம் குளம். வடகாலின் நீர் மட்டுமின்றி, உப்பாற்று ஓடையின் வெள்ளமும் இக்குளத்தை வந்தடைகிறது. குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து, தாழ்ந்த வயல்களையும் உப்பளங்களையும் கடந்து கடலைச் சேர வேண்டும். நகருக்குள்ளே பக்கிள் ஓடை ஒரு பகுதி நீரைத் திரேஸ்புரத்தருகே கடலில் விடுகிறது.

இந்தச் சாய்வின்மீது மூன்று தேசிய நெடுஞ்சாலைகள் வந்து கூடுகின்றன: மதுரையிலிருந்து வரும் 38ஆம் எண் சாலை, திருநெல்வேலியிலிருந்து சுமார் 47 கிலோமீட்டர் வந்து துறைமுகத்தை அடையும் 138ஆம் எண் சாலை, கடற்கரையை ஒட்டி வடக்கேயிருந்து வரும் 32ஆம் எண் சாலை. இவற்றோடு திருச்செந்தூர்ச் சாலையும் இருப்புப் பாதைகளும் சேர்ந்துகொள்கின்றன. தண்ணீர் ஓடும் திசையிலேயே செல்லும் சாலையால் தொல்லை குறைவு. தண்ணீரைக் குறுக்கே வெட்டிச் செல்லும் சாலைதான் கவனத்திற்குரியது. கடற்கரைக்கு இணையாக வடக்குத் தெற்காகச் செல்லும் எந்தச் சாலையும், மேற்கிலிருந்து வரும் ஒவ்வோர் ஓடையையும் கடந்தே ஆக வேண்டும். பல சாலைகள் கூடுமிடத்தில், ஒன்றைவிட்டு ஒன்று ஏறி இறங்கும் மேம்பாலச் சந்திப்பு அமைந்தால், அதன் சாய்வுக் கரைகளுக்கு நடுவே நிலம் நாற்புறமும் மேடிட்ட தொட்டிபோல் ஆகிவிடுவதும் உண்டு.

உழவர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மண் கொட்டி உயர்த்திய சாலை ஒரு குளத்தங்கரை. அதன் கீழுள்ள சிறுபாலம் ஒரு மடை. குளத்தங்கரையைக் கட்டுகிறவன் மடையின் அளவையும் மறுகாலின் அளவையும் நன்கு யோசித்த பிறகே கூடையில் மண்ணெடுப்பான். சாலை போடுகிறவரோ வண்டிகளின் எண்ணிக்கையையும் எடையையும் முதலில் கணக்கிடுகிறார். தண்ணீரின் கணக்கு பிறகு வருகிறது. சில சமயம் மிகவும் பிறகு வருகிறது.

2023ஆம் ஆண்டு மார்கழி

2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகளில் நடந்ததை நம் பக்கத்தார் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, கோவில்பட்டியில் 53 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் ஜில்லாவில் ஓராண்டு முழுவதற்கும் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 65 சென்டிமீட்டர்தான். ஓராண்டு மழையும் அதற்கு மேலும் ஒரே நாளில் பெய்ததென்றால் எந்த மடையும் கலிங்கும் தாங்காது என்பது உண்மையே. கோரம்பள்ளம் குளத்தின் கரை உடைந்தது. அத்திமரப்பட்டி, முள்ளக்காடு பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. அந்தோணியார்புரத்தருகே திருநெல்வேலி நெடுஞ்சாலை அரிக்கப்பட்டுப் போக்குவரத்து நின்றது.

அப்பேர்ப்பட்ட மழையிலும் கவனிக்கத்தக்க ஒரு சங்கதி உண்டு. ஏரலில் தாமிரபரணியின்மீதுள்ள உயர்மட்டப் பாலத்தோடு சேரும் இணைப்புச் சாலை அடித்துச் செல்லப்பட்டது. ஸ்ரீவைகுண்டத்தருகே இருப்புப் பாதையின் கீழிருந்த ஜல்லியும் மண்ணும் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட ரயிலின் பயணிகள் சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டத்தில் அகப்பட்டுக்கொண்டனர். இரண்டு இடங்களிலும் போனது கரையாக உயர்த்தப்பட்ட மண்தான். தண்ணீர் தனக்கு வேண்டிய அகலத்தைத் தானே வெட்டிக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் சென்னை ராஜதானிக்காக ரைவ்ஸ் என்ற எஞ்சினீயர் வகுத்த சூத்திரம் ஒன்று, இன்றைக்கும் நம் பக்கத்துப் பொதுப்பணி, நெடுஞ்சாலை எஞ்சினீயர்களுக்கு மனப்பாடம். ஓடையின் நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தின் கன மூலத்தைக் கண்டு, அதை ஓர் எண்ணால் பெருக்கினால் வெள்ளத்தின் அளவு கிடைக்கும். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் உள்ள நிலத்திற்கு அவ்வெண் 6.8. பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓடைக்கு இப்படிக் கணக்கிட்டால் விநாடிக்குச் சுமார் 32 கன மீட்டர், அதாவது 1,100 கன அடி வருகிறது. அதே பரப்பின்மீது ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து, அதில் பாதி மண்ணில் இறங்கியும் தேங்கியும் போயிற்றென்று வைத்துக்கொண்டாலும், எஞ்சிய பாதி நாள் முழுவதும் சீராக ஓடவே விநாடிக்கு 1,900 கன அடிக்கு மேல் வேண்டும். மழை சீராகப் பெய்வதில்லை. உச்ச நேரத்தில் அது இன்னும் பெருகும். சூத்திரம் பிழையென்று சொல்ல வரவில்லை. தற்காலத்தில் எஞ்சினீயர்கள் இதனோடு வேறு முறைகளாலும் கணக்கிட்டு ஒத்துப் பார்க்கிறார்கள். பழைய எண்ணை மட்டும் நம்பிக் கட்டிய கண்கள் புதிய மழைக்குப் போதா என்பதே நாம் சொல்ல வருவது.

அகலப்படுத்தும்போது நேர்வது என்ன?

புதிய சாலை போடுவதைக் காட்டிலும் பழைய சாலையை அகலப்படுத்துவதில்தான் தண்ணீர் விஷயத்தில் தவறு எளிதில் நேரும். ஏனெனில் அங்கே முன்பே ஒரு சிறுபாலம் இருக்கிறது. அதன் கண் எவ்வளவோ, அவ்வளவே அகலத்தில் இருபுறமும் நீட்டிவிட்டால் வேலை முடிந்ததென்று தோன்றும். ஆனால் பத்து மீட்டர் நீளமாயிருந்த குழாய் நாற்பது மீட்டராக நீண்டால், உராய்வினால் அதனூடே போகும் நீரின் அளவு குறைகிறது. நடுவிலே முட்செடியோ மரக்கிளையோ பாலிதீன் பையோ சிக்கிக்கொண்டால் ஆள் நுழைந்து எடுப்பது இயலாது. பழைய கண் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் வகுக்கப்பட்டது. அதன் மேற்புறத்தில் அன்று புஞ்சைக்காடாக இருந்தது இன்று வீட்டுமனையாகவோ கிடங்காகவோ ஆகியிருக்கும். புஞ்சையில் விழுந்த மழையில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும். சிமெண்டுத் தளத்தில் விழுந்தது அப்படியே ஓடி வரும்.

சாலையே ஒரு தளந்தானே! நான்கு தடச் சாலையில் மூன்றரை மீட்டர் அகலமுள்ள இரண்டு தடங்களைக் கூட்டினால், 5.16 கிலோமீட்டர் நீளத்திற்கு 36,000 சதுர மீட்டருக்கு மேல் புதிய தளம் உண்டாகிறது. ஒரு சென்டிமீட்டர் மழைக்கே அதிலிருந்து 3,60,000 லிட்டர் தண்ணீர் வழியும். பத்துச் சென்டிமீட்டர் மழை நம் கடற்கரையில் அரிதன்று. அதற்கு 36 லட்சம் லிட்டர். இது ஒரு சிறு ஊருணியை நிரப்பக்கூடிய அளவு. நல்ல இடத்தில் விட்டால் ஊருணி நிறையும். கண்ட இடத்தில் விட்டால் தெரு நிறையும்.

பழைய சாலைகளில் தாம்போதி என்ற ஏற்பாடு இருந்தது. ஓடை கடக்குமிடத்தில் சாலையைத் தாழ்த்திக் கல் பரப்பி விடுவார்கள். வெள்ளம் வந்தால் சில மணி நேரம் வண்டிகள் நிற்கும், தண்ணீர் சாலைமீதே ஓடிப் போய்விடும், கரை உடையாது. துறைமுகத்துக்குச் செல்லும் சாலையில் வண்டிகள் நிற்கலாகாது என்பதால் இன்று எல்லாம் உயர்த்தப்படுகின்றன. அது நியாயமே. ஆனால் தாம்போதியை எடுத்துவிட்டு உயரக் கரை போட்டால், முன்பு மேலே ஓடிய தண்ணீர் முழுவதற்கும் கீழே கண் வைத்தாக வேண்டும். மேலும் இப்போதைய பெருஞ்சாலைகளின் நடுவில் இடைவிடாத சிமெண்டுத் தடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள். சாலைமீது நீர் ஏறினாலும் அச்சுவரைக் கடந்து மறுபுறம் இறங்க வழியில்லை. மேற்கே உள்ள தெரு நீரில் நிற்க, கிழக்கே உள்ள வாய்க்கால் வெறுமையாய்க் கிடக்கும் விபரீதக் காட்சி இதனால் உண்டாகிறது.

வேலை நடக்கும் மாதங்கள்

வேலை முடிந்த பின்னர் வரும் தொல்லையைவிட வேலை நடந்துகொண்டிருக்கும்போது வருவது அதிகம் என்பது நம் அனுபவம். இதைப் பற்றிப் பேசுவார் குறைவு. ஆகையால் இங்கே சற்று நிறுத்திச் சொல்கிறோம்.

ஒரு சிறுபாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டும்போது, வண்டிகள் போக ஓடையின் குறுக்கே தற்காலிகமாக மண் மேடு போட்டு, அடியில் சிமெண்டுக் குழாய் இரண்டு வைப்பது வழக்கம். ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாயில் விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் நீர் நிறைந்து ஓடினாலும் சுமார் 55 கன அடிதான் போகும். இரண்டு குழாய்களுக்கு 110 கன அடி. மேலே சொன்ன பத்துச் சதுர கிலோமீட்டர் ஓடைக்கு ரைவ்ஸ் கணக்கே 1,100 கன அடி என்பதை நினைவில் கொள்க. பத்தில் ஒரு பங்குக்கே வழி! கோடையில் தொடங்கிய வேலை புரட்டாசிக்குள் முடிந்தால் கவலையில்லை. பணம் வரத் தாமதம், மணல் வரத் தாமதம், மின்கம்பம் மாற்றத் தாமதம் என்று வேலை ஐப்பசிக்குள் நுழைந்தால், அந்த மண் மேடு ஊருக்குள் வெள்ளத்தைத் தள்ளும் அணையாக மாறிவிடுகிறது. பின்னர் நள்ளிரவில் பொக்லைன் இயந்திரத்தைத் தேடி ஓடுவார்கள். இத்தகைய ஓட்டத்தைப் பார்க்காத ஊர் நம் பக்கத்தில் குறைவு.

மற்றொன்று மண். சாலையை உயர்த்தக் கொட்டும் கிராவலும் சரளையும் இறுகிப் புல் பிடிக்கும் வரை, ஒவ்வொரு மழையிலும் கரைந்து ஓடையில் இறங்கும். இறங்கிய மண் வாய்க்காலை மேடாக்குகிறது. மேடான வாய்க்கால் அடுத்த மழைக்கு இன்னும் குறைந்த நீரையே கொண்டு செல்கிறது. ஆயக்கட்டுக்காரர்கள் குடிமராமத்தாகத் தூர் வாரிய வாய்க்காலில் மறு ஆண்டே அரை அடி செம்மண் நின்றால் யார் மனந்தான் நோகாது? வாழைக்கு வேர் அழுகும். நெற்பயிரின்மீது சேறு படிந்தால் கதிர் வருவது ஐயமே. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிக்காலுக்கு ஈரம் வேண்டும், நின்ற தண்ணீர் ஆகாது. நெசவாளருக்கோ மழைக்காலம் ஏற்கனவே மந்தமான காலம்: கஞ்சி போட்ட பாவு காய்வதில்லை. தறிக்குழியில் ஒரு முழம் சேற்று நீர் புகுந்துவிட்டால், இறைத்துவிட்டாலும் குழியின் ஈரம் வாரக்கணக்கில் போகாது, மிதிபலகை உப்பிப்போகும், தறியிலேயே நிற்கும் பாவு பூஞ்சணம் பிடிக்கும். கூலி நெசவாளருக்கு அந்த வாரங்களில் அடுப்பெரிவது எப்படி என்பதை எந்தச் சாலை மதிப்பீட்டிலும் எழுதுவதில்லை.

இவற்றைத் தடுக்கும் வழிகள் அரியவையல்ல. கொட்டிய மண்ணின் அடிவாரத்தில் துணித்திரை கட்டி வண்டலை நிறுத்தலாம். ஓடையில் விழுமுன் ஒரு குழி வெட்டி, சேற்று நீரை அதில் சிறிது நேரம் தங்கவிட்டுத் தெளிந்ததை மட்டும் வெளியேற்றலாம். மணல் மூட்டைகளைச் சிறு படிகளாக அடுக்கி நீரின் வேகத்தைக் குறைக்கலாம். சரிவின்மீது தென்னைநார் வலையை விரித்து, வெட்டிவேரோ அறுகோ நட்டால், வலை மக்கிப்போவதற்குள் வேர் மண்ணைப் பற்றிக்கொள்ளும். 2020ஆம் ஆண்டில் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்ட வேலைகளில் தென்னைநார் விரிப்பைப் பயன்படுத்த மத்திய அரசு இசைவளித்தது. கயிறு திரிக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் நம் ராஜ்யத்தில் இருக்கையில், சாலைச் சரிவுக்கு வேண்டிய வலையை அவற்றிடமே வாங்கலாமே என்பது நம் யோசனை. இதில் சிறிது சுயநலமும் இருக்கிறது; மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று. இவ்வேலைகளுக்கு ஒப்பந்தத்தின் விலைப்பட்டியலில் தனி இனமாகத் தொகை ஒதுக்கியிருக்க வேண்டும். 'கண்ட்ராக்டர் தம் செலவில் செய்துகொள்ள வேண்டியது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அது ஏட்டோடு நின்றுவிடும். அளந்து பணம் கொடுக்கும் வேலையே நடக்கும் வேலை. துணிக் கூட்டுறவில் நமக்கு இது தெரியாததா?

உப்பளமும் முத்துப் பாரும்

ஓடைகள் கொண்டுவரும் நீர் கடைசியில் உப்பளங்களைக் கடக்கிறது. நம் உப்புத் தொழில் நாட்டில் குஜராத்துக்கு அடுத்த நிலையில் உள்ளது. மழைக்காலத்தில் பாத்திகளில் நல்ல தண்ணீர் நிற்பது இயல்பு. தை மாசியில் வற்ற வைத்து மறுபடி பாத்தி கட்டுவார்கள். சேறு படிந்துவிட்டால் அதை வாரியெடுத்துத் தரையை மிதித்து இறுக்க மேலும் பல நாட்கள் கழியும். உப்பு வாருவது அவ்வளவுக்குத் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போகும் நாட்களுக்குத் தினக்கூலி இல்லை.

அதற்கும் அப்பால் கடல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடிக்கு எதிரே வான்தீவும் அதில் சேர்ந்தது. பவளம் தெளிந்த நீரில் வாழ்வது. சேறு மேலே படிந்தால் வெளிச்சமின்றி மடியும். முத்துச் சிப்பியின் கதையும் அதுபோன்றதே. குஞ்சுச் சிப்பி தன் உடலிலிருந்தே நூல்போன்ற இழைகளை விட்டுக் கடலடிப் பாறையைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பாறைகளைத்தான் நம் குளியாளிகள் 'பார்' என்றனர். பாரின்மீது வண்டல் மூடினால் இழை பற்ற இடமில்லை. நெசவாளர்கள் இதை மற்றவர்களைவிட எளிதில் உணர்வார்கள்: பிடிப்பில்லாத இழை எந்த வேலைக்கும் ஆகாது. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே இக்கடலில் கடைசியாக நடந்தது. அது நின்றுபோனதற்குச் சாலைகள்மீது பழி போடுவது அபாண்டம். சிப்பி பெருகுவதும் அருகுவதும் பல காரணங்களைப் பொறுத்தது. எனினும் 1973இல் தூத்துக்குடியிலேயே விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டிய பிறகு, இந்தக் கடல் தெளிவாயிருக்க வேண்டுவதற்கு இன்னும் ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது.

மண் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே பழைய சான்று இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. பின்னர் துறையாக விளங்கிய காயலும் அவ்வாறே உள்ளே தங்கிவிட்டது. தாமிரபரணி பல நூற்றாண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலின் செயல் அது. நதி தன் போக்கில் செய்ததற்கு நாம் வழக்குத் தொடுக்க இயலாது. பொக்லைன் கொண்டு ஒரே ஆண்டில் செய்வதை நதியின் கணக்கில் எழுதவும் இயலாது.

சட்டம் எதுவரை?

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளாதா என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, நெடுஞ்சாலைகளுக்கு முன் அனுமதி வேண்டும் என்கிறது. ஆனால் 2013இல் செய்த திருத்தத்தின்படி, இருக்கும் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதில் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்டு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூடுதல் நிலமும் எடுக்கும் வேலைகளுக்கே அது பொருந்தும். ஐந்து பத்துக் கிலோமீட்டர் வேலைகளுக்கும், ஒரு சந்திப்பை மட்டும் விரிவாக்கும் வேலைகளுக்கும் அவ்வறிவிக்கையின்படி மதிப்பீடு தேவையில்லை. கடலோரமாயின் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் தனியே உண்டு. ஆனால் ஓடைக்கு நீளம் ஏது? நூறு கிலோமீட்டர் சாலை வெட்டினாலும் அரைக் கிலோமீட்டர் சாலை வெட்டினாலும் வெட்டுப்படும் ஓடை ஒன்றுதான்.

அமெரிக்காவில் வேறு முறை கைக்கொள்ளப்பட்டது. அங்கே அளவுகோல் சாலையின் நீளமன்று; கிளறப்படும் மண்ணின் பரப்பு. 1990இல் ஐந்து ஏக்கர் அல்லது அதற்கு மேல் மண்ணைக் கிளறும் எந்தக் கட்டுமானத்துக்கும் மழைநீர் அனுமதி வேண்டும் என்று விதித்தார்கள். 1999இல் செய்த விதியால் அது ஓர் ஏக்கருக்கு இறங்கியது. வேலை தொடங்குமுன்பே மண்ணும் நீரும் எப்படிக் கட்டுப்படுத்தப்படும் என்று திட்டம் எழுதி வைத்து, வேலை நெடுகிலும் அதைச் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். எல்லா இடத்திலும் அது சரியாக நடக்கிறதென்று நாம் சாட்சி சொல்லவில்லை. அளவுகோல் பொருத்தமானது என்றே சொல்கிறோம்.

நம் நாட்டில் அத்தகைய விதி வரும்வரை, அருகிலிருப்பவர்களே கண்காணிக்க வேண்டியிருக்கிறது. அதற்குக் கூட்டுறவுச் சங்கத்தைவிடத் தக்க அமைப்பு கிராமத்தில் வேறு இல்லை. தனியொருவர் சாலை வேலையிடத்தில் போய்க் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. சங்கத்தின் தீர்மானம் எழுத்தில் போனால் எழுத்தில் பதில் வரும்.

ஊர் எல்லைக்குள் சாலை கடக்கும் ஒவ்வொரு கண்ணையும் சங்க நிர்வாகிகள் நடந்து பார்த்து, அதன் அகலம், உயரம், தரைமட்டம் ஆகியவற்றை நாடாவால் அளந்து குறித்து வைக்க வேண்டும். 2023 வெள்ளம் சுவரில் விட்ட கறை எங்கெங்கே இருந்ததென்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; வெள்ளையடிப்பினால் அது மறையுமுன் ஆணியாலாவது அடையாளம் இட்டுவிடுவது நலம். எஞ்சினீயருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை. எந்தச் சூத்திரமும் ஓரிடத்தின் வெள்ள மட்டத்தை ஆணிக்கு நிகராகச் சொல்லாது. ஓடைப் புறம்போக்கின் எல்லை கிராமக் கணக்கிலும் புல வரைபடத்திலும் உண்டு. அதன் நகலைச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கலாம். சாலை வேலை அறிவிக்கப்பட்டவுடன், சிறுபாலங்களின் வரைபடத்தையும் ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்ட வெள்ள அளவையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறலாம். வரைபடத்தில் கண் சிறிதாயிருந்தால் மண் விழுமுன்பே சொல்ல வேண்டும். தளம் போட்ட பின் சொல்வதை ஒருவரும் கேட்பதில்லை.

வேலை நடக்கையில் கேட்க வேண்டியவை மூன்றே. ஓடைக்குள் போட்ட தற்காலிக மண் மேடு எந்தத் தேதிக்குள் எடுக்கப்படும்? எடுக்க முடியாமற்போனால், மழை எச்சரிக்கை வந்தவுடன் அதை வெட்டிவிடும் பொறுப்பு யாருடையது, அவர் தொலைபேசி எண் என்ன? கொட்டிய மண் வாய்க்காலில் இறங்கினால் தூர் வாரும் செலவு யாரைச் சேர்ந்தது? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை பெற்று, கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பதிவு செய்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறதாகையால், செப்டம்பர் மாதக் கூட்டமே அந்தந்த ஆண்டுக்குக் கடைசி வாய்ப்பு. ஆகஸ்டிலேயே கண்களை அளந்து முடித்து, பட்டியலைச் சங்கக் காரியதரிசியிடம் சேர்த்துவிட்டால் அக்கூட்டத்துக்குப் போகிறவர் கையில் காகிதத்தோடு போகலாம்.